நிலக்காட்சியில் குனிந்திருப்பவர்கள்

மில்லே வரைந்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ படத்தை அம்மாவிடம் காட்டினேன். போனில்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துச்சு. பிறகு சொல்லுச்சு: “அந்த நீலத்துணிக்காரி கைய முதுகுல வச்சிருக்கா பாரு. பொறுக்குன கதிரையும் புடிச்சிக்கணும், இடுப்பையும் தாங்கிக்கணும். அவளுக்கு வலி எடுத்துப்போச்சு. சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டா.” அப்புறம் விரலை வலது பக்க ஓரத்துக்கு நகர்த்தி, “தூரத்துல குதிர மேல ஒருத்தன் இருக்கானே, யாருடா அவன், காரியக்காரனா?” என்று கேட்டுச்சு.

ஆமாம், காரியக்காரன்தான். பண்ணையின் மேற்பார்வைக்காரன். படத்தில் அவன் ஒரு விரல் நகம் அளவுக்கூட இல்லை. வெயிலில் கரைந்துபோன மாதிரி இருப்பான். நான் அந்தப் படத்தைப் பல வருசமாகப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் படித்துத்தான் அவன் இருப்பதே எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. கதிர் பொறுக்கப் போகிற பெண் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கதிர் எங்கே கிடக்கிறது என்பதை அல்ல. காரியக்காரன் எங்கே நிற்கிறான் என்பதைத்தான்.

எங்க ஊர் பழைய தஞ்சை மாவட்டம். சம்பா அறுப்பு முடிந்து, கட்டெல்லாம் களத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் சேரிப் பெண்கள் வயலில் இறங்கலாம். ஏழெட்டு வயதில் நானும் அம்மா பின்னால் போயிருக்கிறேன். அறுத்த தாள் காலைக் கிழிக்கும். நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கினால் இரண்டு படி நெல் தேறும், தேறாமலும் போகும். கரையேறும்போது காரியக்காரர் மடியை அவிழ்த்துக் காட்டச் சொல்லுவார். தரையில் கிடந்ததைப் பொறுக்கினாயா, கட்டிலிருந்து உருவினாயா என்பது அவருடைய சந்தேகம். அம்மா மடியை உதறிக் காட்டியதை நான் பார்த்தேன். அந்த வரப்பில் நின்றுகொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வேறு இடத்தில் நின்று எழுத எனக்குத் தெரியாது.

ஓவியம் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். பாரீசுக்கும் பாஸ்டனுக்கும் போனதில்லை. மில்லே வரைந்த மூலங்கள் எதையும் நேரில் பார்த்ததில்லை. அச்சில் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். ஆனால் நிலக்காட்சி என்கிற கலை நிலத்தைப் பற்றியது. நிலத்தைப் பற்றிப் பேச நமக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

*

ழான் பிரான்சுவா மில்லே 1814-இல் பிரான்சின் வடமேற்கே நார்மண்டிக் கடற்கரையில் க்ரூஷி என்கிற குக்கிராமத்தில் பிறந்தார். உழவர் குடும்பம். இளம் வயதில் ஏர் பிடித்தவர், விதைத்தவர், அறுத்தவர். ஷெர்பூர் நகரத்தில் ஓவியம் பயின்று, 1837-இல் உதவித்தொகையோடு பாரீசுக்குப் போனார். வறுமையில் கிடந்தார். முதல் மனைவி காசநோயில் செத்துப்போனார். 1849-இல், பாரீசில் காலரா பரவிய நேரத்தில், மறுமனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஃபோந்தேன்ப்ளோ காட்டை ஒட்டிய பார்பிஸோன் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1875 சனவரியில் சாகும் வரைக்கும், இடையில் சில காலம் தவிர, அங்கேதான் வாழ்ந்தார்.

பார்பிஸோனில் அப்போது ஓவியர்கள் கூட்டமே இருந்தது. தியோடோர் ரூஸோ அங்கேயே தங்கியிருந்தார். கோரோ வந்து வந்து போவார். நகரத்துச் சத்தம் பிடிக்காமல் இயற்கையைத் தேடி வந்தவர்கள். ஓக் மரம், பாறை, மேகம், மாலை வெளிச்சம் என்று வரைந்தார்கள். நிலக்காட்சி ஓவியத்துக்குத் தனி மரியாதையை உண்டாக்கியவர்கள் இவர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்டின் ஓரத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த கிழவி பலருடைய படத்தில் ஒரு வண்ணப் புள்ளி. மரத்தின் உயரத்தைக் காட்டுவதற்கு ஓர் அளவுகோல். மில்லே அந்தக் கிழவியை முன்னுக்குக் கொண்டுவந்தார். மரத்தைப் பின்னுக்குத் தள்ளினார். அவர் செய்த காரியம் இதுதான். சின்னக் காரியம் மாதிரித் தெரியும். சின்னக் காரியம் இல்லை.

‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ 1857-இல் பாரீஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. மூன்று பெண்கள். இரண்டு பேர் முழுக்கக் குனிந்திருக்கிறார்கள். ஒருத்தி பாதி நிமிர்ந்து கையிலிருக்கும் கதிர்களைச் சரிசெய்கிறாள். பின்னால் தங்க நிறத்தில் மலை மலையாகப் போர், பாரம் ஏற்றிய வண்டி, அறுப்புக்காரர் கூட்டம், குதிரைக்காரன். விளைச்சலுக்கும் இந்த மூவருக்கும் நடுவில் ஒரு வெட்டவெளி. வேறொன்றும் இல்லை. கொடி இல்லை, முழக்கம் இல்லை. ஆனாலும் பத்திரிகைக்காரர்கள் பயந்தார்கள். அந்தப் பெண்களின் முதுகுக்குப் பின்னால் கலகக்காரர்களின் ஈட்டிகளும் 1793-இன் தூக்குமேடையும் தெரிவதாக ஒருவர் எழுதினார். 1848 புரட்சி நடந்து ஒன்பது வருசம்தான் ஆகியிருந்தது. பசித்தவள் குனிந்தால்கூட, நாளைக்கு நிமிருவாளோ என்று தின்றவனுக்குப் பயம்.

பிரான்சில் கதிர் பொறுக்குவதற்குச் சட்டம் இருந்தது. 1554-ஆம் ஆண்டின் அரச ஆணை ஒன்று, அறுவடை முடிந்த வயலில் ஏழைகளும் வலுவற்றவர்களும் பொறுக்கலாம் என்று அனுமதித்தது. பொழுது விடிந்து பொழுது சாயும் வரை, வெறுங்கையால். அதற்கு முன்னாலேயே விவிலியத்தில் ரூத் பொறுக்கினாள். மில்லேயும் ரூத்தையும் போவாசையும் மனதில் வைத்து, அறுப்புக்காரர்கள் இளைப்பாறும் ஒரு பெரிய படம் வரைந்திருக்கிறார். ரூத் கதையைக் கோயிலில் கேட்டு வளர்ந்தவன் நான். அதில் வயல்காரன் கதிர் பொறுக்க வந்தவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். நம்ம ஊரில் போவாஸ் கல்யாணம் செய்ய மாட்டான். என்ன செய்வான் என்பது சேரிப் பெண்களுக்குத் தெரியும்.

*

எண்ணெய் வண்ணத்தில் அந்தப் படத்தை முடிப்பதற்கு முன்பே, 1855-56-இல், மில்லே அதே பெண்களை எட்சிங் அச்சாகச் செய்து பார்த்துவிட்டார். எட்சிங் என்பது இப்படித்தான்: தாமிரத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி வரைய வேண்டும். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறின இடத்தை அமிலம் அரிக்கும். அரித்த பள்ளத்தில் மையை அப்பி, மேலே துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைக்கு நடுவில் அழுத்தி எடுத்தால் படம் தாளில் ஏறும். ஒரு தகட்டிலிருந்து பல பிரதி.

மில்லே செய்த எட்சிங்குகள் மொத்தம் இருபது சொச்சம்தான். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மண் வெட்டுகிற இரண்டு பேர். வெண்ணெய் கடைகிறவள். கம்பளி சிக்கெடுக்கிறவள். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுகிறவள். ஆடு மேய்க்கிறவள். தள்ளுவண்டியில் எருவைத் தள்ளிக்கொண்டு வருகிறவன். இந்தக் கடைசிப் படத்தை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். சாணியும் மூத்திரமும் வைக்கோலும் மக்கிய குப்பை. அதைத் தள்ளுகிறவனின் முன்னங்கை நரம்பை மில்லே ஊசியால் கீறியிருக்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு வரைந்த கோடு அல்ல அது. தானே எரு சுமந்தவன் போட்ட கோடு. எருக்குழியை ஒரு கலைப்பொருளாக, இரக்கமும் அருவருப்பும் இல்லாமல், வேலையாக மட்டும் பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டும். நம்முடைய நவீன ஓவியத்தில் அந்தக் கண் எத்தனை பேருக்கு வாய்த்தது?

அச்சு என்றால் பரவுவது. ஒன்று நூறாவது. ஆனால் கண்காட்சிக்கூடத்துக்கு அது பிடிக்காது. ஒன்று நூறானால் விலை இறங்கும். 1863-இல் பாரீசில் பத்துப் பேர் சேர்ந்த ஒரு சேகரிப்பாளர் சங்கத்துக்காக, ‘வேலைக்குப் புறப்படுதல்’ என்கிற எட்சிங் அச்சிடும் பேச்சு வந்தது. ஆணும் பெண்ணும் விடியலில் வயலுக்கு நடந்து போகிற படம். தேவையான பிரதிகளை எடுத்தபின் தகட்டை அழித்துவிட வேண்டும் என்றார்கள். தம்மிடம் இருப்பது வேறு யாரிடமும் அதிகம் இருக்கக் கூடாது என்பதற்காக! தகட்டை அழிப்பது காட்டுமிராண்டித்தனம் என்று மில்லே தன் நண்பர் சான்சியேவுக்கு எழுதினார். ரெம்பிராண்ட் போன்றவர்களின் தகடுகளையும் இப்படி அழித்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்பது அவர் கேள்வி.

இதை நான் ஒரு முக்கியமான சண்டையாகப் பார்க்கிறேன். அச்சு நமக்கு அலங்காரம் இல்லை. அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்தபோது விலையையே பெயராக வைத்தார். யார் கைக்குப் போக வேண்டும் என்பதை அந்தப் பெயர் சொல்லிவிட்டது. பாரீஸ் சேகரிப்பாளர்கள் பத்துப் பேர் கைக்குள் பூட்டப் பார்த்தார்கள். அச்சுக்குள்ளேயே இந்த இரண்டு அரசியலும் இருக்கிறது. எத்தனை பிரதி என்பது வெறும் கணக்கு இல்லை.

*

1865 வாக்கில் ஏமில் கவே என்கிற சேகரிப்பாளர் மில்லேயிடம் தொடர்ந்து பாஸ்டல் படங்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தார். ஏறக்குறைய தொண்ணூறு படங்கள் சேர்ந்தன. மில்லேக்குக் குடும்பம் பெரிசு, ஒன்பது பிள்ளைகள். இந்த வருமானம் அவரைக் காப்பாற்றியது. கலையும் வளர்ந்தது. முதலில் கறுப்புக் கட்டியால் உருவத்தைப் போடுவார். அதன் மேல் வண்ணக் கட்டியால் கோடு கோடாக இழுப்பார். தேய்த்து மழுப்ப மாட்டார். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் தாளின் நிறம் தெரியும். உழவு சால் மாதிரி இருக்கும்.

‘மத்தியான இளைப்பாறல்’ என்று 1866-இல் ஒரு பாஸ்டல். வைக்கோல் போர் நிழலில் ஆணும் பெண்ணும் படுத்துக் கிடக்கிறார்கள். அவன் முகத்தின் மேல் தொப்பி. பக்கத்தில் இரண்டு கதிர் அரிவாள், கழற்றிப் போட்ட செருப்பு. அவ்வளவுதான் படம். உழைக்கிறவன் ஓய்வெடுப்பதைச் சோம்பல் என்று சொல்லாமல் வரைந்திருக்கிறார். எனக்கு அந்தச் செருப்புதான் கண்ணில் நின்றது. எங்க தாத்தா ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். மில்லேயின் கூலிக்காரன் கால் வலிக்காகக் கழற்றிப் போட்டிருக்கிறான். எழுந்ததும் மாட்டிக்கொண்டு அவன் எந்தத் தெருவிலும் நடக்கலாம். இரண்டு பேரும் கூலிதான். ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. இந்த வித்தியாசத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பாஸ்டல் என்பது பொடி. வண்ணத் தூளில் கொஞ்சமே பிசின் சேர்த்து உருட்டிய கட்டி. தாளில் அது ஊறுவதில்லை, ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தொட்டால் கையோடு வந்துவிடும். வெளிச்சமும் அதிகம் ஆகாது. அதனால் கண்ணாடிக்குள் அடைத்து, மங்கிய வெளிச்சத்தில், ‘தொடாதே’ என்று எழுதி வைக்கிறார்கள். தமிழில் தீட்டுவது என்றால் வரைவது. தீட்டு என்றால் நம்மைத் தொடக் கூடாது என்பது. தன் வாழ்நாளெல்லாம் தொட்டுத் தொட்டு வேலை செய்த கைகளை மில்லே தீட்டினார். அது தொடக்கூடாத பொருளாகி, தொடத் தேவையில்லாதவர்கள் வீட்டுச் சுவருக்குப் போனது.

மில்லே செத்த வருசமே, 1875 சூனில், கவேயின் பாஸ்டல்கள் பாரீசில் ஓத்தெல் த்ரூவோ ஏலக்கூடத்தில் வைக்கப்பட்டன. அவற்றைப் பார்க்க ஒரு 22 வயதுப் பையன் போனான். படம் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்தவன். புனிதமான இடத்தில் நிற்பதுபோல் செருப்பைக் கழற்றத் தோன்றியதாகத் தம்பிக்குக் கடிதம் எழுதினான். வான்கா தான் அந்தப் பையன். 1889-90-இல் மனநோய் விடுதியில் இருந்தபோது, மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சிலிருந்து பார்த்து, இருபதுக்கும் மேற்பட்டவற்றைத் தன் வண்ணத்தில் திரும்ப வரைந்தார். அந்த மத்தியான இளைப்பாறலும் அதில் உண்டு. மூலத்தை அவர் பக்கத்தில் வைத்திருக்கவில்லை. அச்சுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. போனில் படம் பார்த்த என் அம்மாவுக்கும் அதே வழிதான்.

*

அந்தப் பாஸ்டல்கள் இப்போது எங்கே இருக்கின்றன? கணிசமானவை அமெரிக்காவில், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். குவின்ஸி ஆடம்ஸ் ஷா என்கிற பாஸ்டன் செல்வந்தர் மில்லேயின் எண்ணெய் ஓவியங்களும் பாஸ்டல்களுமாக ஐம்பதுக்கும் மேல் வாங்கிச் சேர்த்தார். அவர் 1908-இல் இறந்தார். 1917-இல் வாரிசுகள் அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். மத்தியானத்தில் படுத்திருக்கும் அந்த இருவரும் அப்படிப் போனவர்கள்தான்.

ஷாவின் பணம் எதில் வந்தது என்று தேடினேன். முக்கியமாகத் தாமிரத்தில். மிச்சிகன் மாநிலத்தில் கேலுமெட் அண்ட் ஹெக்லா என்கிற தாமிரச் சுரங்கக் கம்பெனியைத் தொடங்கி வளர்த்தவர்களில் அவர் ஒருவர். அந்தச் சுரங்கங்களில் ஐரோப்பாவின் ஏழை நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பூமிக்கடியில் வேலை செய்தார்கள். மேலே பாஸ்டனில், வரவேற்பறைச் சுவரில், மில்லேயின் கூலிக்காரன் கண்ணாடிக்குள் தூங்கினான்.

1913 சூலையில் அந்தத் தாமிர வட்டாரத்தில் வேலைநிறுத்தம். எட்டு மணி நேர வேலை, கூலி உயர்வு, சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். டிசம்பர் 24 இரவு, வேலைநிறுத்தம் செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கேலுமெட்டில் இத்தாலியன் ஹால் மாடியில் கிறிஸ்துமஸ் விழா நடந்தது. யாரோ ‘தீ’ என்று கத்தினார்கள். தீ எதுவும் இல்லை. படிக்கட்டில் நெரிந்து 73 பேர் செத்தார்கள். அதில் 59 பேர் குழந்தைகள். கத்தியது யார் என்று கடைசி வரை நிரூபிக்கப்படவில்லை.

இதைப் படித்தபோது என்னால் வேறு ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. அங்கேயும் கூலிக்கான சண்டைதான், கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்ட சண்டை. 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். எங்க ஊரிலிருந்து தூரமில்லை. இரண்டும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. ஒன்றில் நெரிசல், ஒன்றில் திட்டமிட்ட கொலை. நான் சொல்வது இதைத்தான்: சுவரில் உழைப்பாளியை ரசிப்பதற்கும், வெளியில் உழைப்பாளி கூலி கேட்கும்போது பல்லைக் கடிப்பதற்கும் ஒரு முரண்பாடும் இல்லை. படத்தில் இருப்பவன் கூலி கேட்க மாட்டான் என்பதால்தான் அவனை வீட்டுக்குள் விடுகிறார்கள்.

‘மூவேளைச் செபம்’ படத்தின் கதையும் இதுவே. மில்லே 1857-59-இல் வரைந்தது. முதலில் ஆயிரம் பிராங்க் அளவுக்கு விற்றது. 1889-இல் பாரீஸ் ஏலத்தில் 553,000 பிராங்குக்குப் போனது. மில்லே செத்துப் பதினாலு வருசம் ஆகியிருந்தது. குடும்பத்துக்கு ஒரு காசு வரவில்லை. இப்படிப்பட்ட அநியாயங்களைப் பேசித்தான் 1920-இல் பிரான்சில், மறுவிற்பனையில் ஓவியருக்கும் வாரிசுகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் குனிந்து நின்ற பெண்ணுக்குப் பங்கு கொடுக்கிற சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. 2025-இல், மில்லே இறந்து 150 ஆண்டு ஆனதையொட்டி, லண்டன் நேஷனல் கேலரி அவருக்கு ஒரு கண்காட்சி நடத்தியது. அந்தப் படமும் பாரீசிலிருந்து அங்கே போனது.

*

மில்லேயைக் கொண்டாடிவிட்டு நகர நான் தயாராக இல்லை. அவரைச் சோசலிஸ்டு என்று சொன்னபோது அவர் மறுத்தார். 1871-இல் பாரீஸ் கம்யூனின் ஓவியர் கூட்டமைப்புக்கு அவர் பெயரையும் சேர்த்தபோது, வேண்டாம் என்று பகிரங்கமாக விலகிக்கொண்டார். நெற்றி வேர்வை சிந்தி உண்பது மனிதனுக்கு விதிக்கப்பட்டது என்று நம்பிய பக்தர் அவர். அவருடைய உழவர்கள் களைத்திருக்கிறார்கள். கோபமாக இல்லை. 1863-இல் காட்டிய ‘மண்வெட்டியோடு நிற்பவன்’ ஒருவன்தான் வாய் பிளந்து மூச்சு வாங்கி நேராகப் பார்க்கிறான். அவனை மிருகம் மாதிரி இருக்கிறான் என்று ஏசினார்கள். மற்றவர்களின் முகத்தை நிழல் மூடியிருக்கிறது. குனிந்த மூவரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்க்கிற உரிமை படத்துக்கு வெளியில் நிற்பவனிடமே இருக்கிறது.

வேலை விதி என்று சொல்லும்போது நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த வார்த்தை நமக்குப் பழக்கமான வார்த்தை. அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில், வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது வேறு என்று உடைத்துக் காட்டினார். மில்லேயின் நிலத்தில் முதலாவது இருக்கிறது. நம்முடைய நிலத்தில் இரண்டாவது இருக்கிறது. ‘மூவேளைச் செப’த்தில் தொடுவானத்தில் ஒரு கோயில் கூம்பு. மணி அடிக்கிறது. உருளைக்கிழங்கு தோண்டியவனும் அவன் பெண்டாட்டியும் வயலிலேயே தலை குனிகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அந்தக் கோயிலுக்குள் போகலாம். செத்தால் அதே கல்லறையில் புதைப்பார்கள். நம்ம ஊர் நிலக்காட்சியிலும் தொடுவானத்தில் கோபுரம் இருக்கிறது. அழகுதான். ஆனால் அதை எத்தனை தலைமுறை வயலில் நின்று மட்டும் பார்த்தது? கிறித்தவர்களான எங்களுக்குக் கல்லறைக்குள்ளேயே சாதிக்குச் சுவர் எழுப்பின ஊர்கள் உண்டு. நம்முடைய நிலத்தை வரைகிறவன் அந்தச் சுவரையும் வரைய வேண்டும். கோபுரத்தை மட்டும் வரைந்தால் அது அரைப்படம்.

எம்.ஏ. வகுப்பில் எனக்கு ஐந்திணை சொல்லிக் கொடுத்தார்கள். உலகத்தில் வேறு எந்த மொழியிலும் நிலத்தை இப்படி இலக்கணமாக்கியதில்லை என்று பெருமையோடு சொல்லிக் கொடுத்தார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். பறை இருக்கிறது! குறித்துக்கொண்டேன். பறை அடிக்கிறவன் எங்கே என்று தேடினேன். தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் ஒரு சூத்திரத்தில் பேசுகிறது. அடிமைகளும் ஏவல் தொழில் செய்கிறவர்களும் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் உரியவர்கள் என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் எழுதினார்கள். அதாவது அன்பின் ஐந்திணை நிலத்தில் பறைக்கு இடம் உண்டு. ஏவல் தொழில் செய்கிறவனின் காதலுக்கு இடம் இல்லை. மருத நிலத்தில் நெல் இருக்கும், எருமை இருக்கும், நாரை இருக்கும். அந்த நெல்லை நட்டவளின் மனசு புறத்தே நிற்கும். வகுப்பில் நான் இதைக் கேட்டேன். தேர்வுக்கு வராது என்றார்கள்.

மில்லே எனக்கு முக்கியமாவது இந்த இடத்தில்தான். புறத்தே நின்றவர்களை அவர் அகத்தில் நிறுத்தினார். தூங்குகிற கூலிக்கார சோடிக்கு ஒரு மத்தியானத்தை முழுசாகக் கொடுத்தார். அதோடு அவர் நின்றுகொண்டார். நிமிர்வதை அவர் வரையவில்லை. அதை அவரிடம் கேட்பதும் நியாயமில்லை. அது நம்முடைய வேலை. எட்சிங் ஊசியை நம்மவர் எடுத்தபோது என்ன நடந்தது என்பதற்கு நாக்பூரில் பிறந்த சவி சாவர்க்கர் இருக்கிறார். கழுத்தில் எச்சில் சட்டியும் இடுப்பில் விளக்குமாறும் கட்டி நடக்கவிடப்பட்ட மனிதர்களை அவர் அச்சாக்கினார். அங்கே மனிதர்கள் குனிந்து கிடந்தாலும் பார்வை குனியவில்லை. பார்க்கிறவன்தான் தலையைக் குனிய வேண்டியிருக்கிறது.

நம்ம பிள்ளைகள் இப்போது ஓவியக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நிலக்காட்சியை ஆதிக்க சாதிக்காரனின் கலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பனைமரத்தையும் வாய்க்காலையும் நெல் வயலையும் அவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாம் வலியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. பச்சை நமக்கும் பச்சைதான். ஆனால் வரைவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த நிலம் யார் பட்டாவில் இருக்கிறது? இதில் குனிந்தது யார்? குதிரை மேல் இருக்கிறவன் எங்கே நிற்கிறான்? வரைந்த பிறகு ஒரே பிரதியாகப் பூட்டாதீர்கள். அச்சாக்கி ஊருக்குக் கொண்டுபோங்கள்.

எங்க ஊரில் இப்போது கதிர் பொறுக்குவது இல்லை. அறுக்கிற மிஷின் வந்து பல வருசமாகிவிட்டது. காரியக்காரரும் இல்லை. ஆனால் வயல் அவர்களிடம்தான் இருக்கிறது. அம்மாவிடம் போனைத் திரும்ப வாங்கும்போது, படம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“நல்லாத்தான் வரஞ்சிருக்கான், அனுபவிச்சவன் போலருக்கு” என்று சொல்லுச்சு. கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா மடிய அவுத்துக் காட்டச் சொன்னத வரையலியேடா” என்றது.

வரையவில்லை. அது நம்மிடம்தான் மிச்சம் இருக்கிறது.